ஒப்பந்தமும் வகுப்பறையும்: பெருந்தொற்றில் இரு விருந்தோம்பல் பயிற்சிகள்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. இந்தியா மக்கள் ஊரடங்கில் கதவடைத்திருந்த அந்நாளில்தான் ஜெர்மனியின் மத்திய, மாநில அரசுகள் கூடிப் பேசி, நாடெங்கும் உணவகங்களை மூட முடிவெடுத்தன. மூன்று நாளில் இந்தியாவும் முழு முடக்கத்துக்குள் சென்றது. இரு நாடுகளிலும் விடுதி அறைகள் ஒரே வாரத்தில் காலியாயின. அந்த அறைகளிலும் அவற்றுக்குப் பின்னாலிருந்த சமையற்கூடங்களிலும் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர்கள் அடுத்து என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு மட்டும் இரு நாடுகளும் இரு வேறு விடைகளைத் தருகின்றன. அவ்விரு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பக்கம், ஜெர்மனியில் சமையல் தொழில் பழகும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். மறுபக்கம், சென்னை தரமணியில் உள்ளதைப் போன்ற மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, பயிற்சிக்காலமும் மூன்றாண்டுதான். இருவரும் கத்தி பிடிக்கவும், கணக்கு எழுதவும், விருந்தினர் முன் நிற்கவும் பழகுகிறார்கள். ஆனால் ஜெர்மானியர் கையெழுத்திடுவது ஒரு விடுதியுடன். வாரத்தில் ஓரிரு நாளோ, சில வாரங்கள் சேர்ந்தாற்போலவோ தொழிற்பள்ளிக்குப் போய்வருகிறார். இந்திய மாணவர் சேர்வது ஒரு கல்லூரியில். நடுவில் ஏறத்தாழ நான்கு மாதம் ‘ட்ரெய்னிங்’ என்று விடுதிக்குப் போய்வருகிறார். அங்கே வகுப்பறை இடையில் வருவது. இங்கே சமையற்கூடம் இடையில் வருவது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே, பெருந்தொற்றின் அடி எங்கே விழுந்தது என்பதைப் பெருமளவு விளக்கிவிட முடியும். ஆனால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. எதிர்பாராத சில உறவுகளும் இடையில் தென்படுகின்றன.

விருந்தினர் இல்லாத நாட்கள்

ஜெர்மன் தொழிற்பழகுநருக்கு முதலில் கைகொடுத்தது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம். விடுதி மூடினாலும் அவருக்குரிய பயிற்சி ஊதியத்தைக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முழுமையாகத் தர வேண்டும் என்பது அந்நாட்டுத் தொழிற்கல்விச் சட்டம். மற்ற ஊழியர்களை, ஊதிய இழப்பை அரசு ஓரளவு ஈடுசெய்யும் குறைநேர வேலைக்கு அனுப்புவதுபோல அவரை உடனே அனுப்பிவிடவும் முடியாது. வேறு வழி இல்லாதபோதுதான் அது அனுமதிக்கப்பட்டது. தொழிற்பழகுநருக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்ற ஒன்று சட்டமானதும் அதே 2020 ஜனவரியில்தான். முதலாண்டினருக்கு அப்போது மாதம் 515 யூரோ. இதனால் விந்தையான ஒரு நிலை உருவானது. சொல்லிக்கொடுக்க வேண்டிய தலைமைச் சமையலர் குறைநேர வேலையில் வீட்டில் இருக்க, கற்றுக்கொள்ள வேண்டியவர் விடுதியில் இருந்தார்.

இந்திய மாணவருக்குக் கைகொடுத்தது அவருடைய சேர்க்கை. கல்லூரி அவரைக் கைவிடவில்லை, அவர் இடம் பறிபோகவில்லை, பருவங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. ஆனால் கல்லூரி விடுதி காலியானது. பயிற்சிக்குப் போயிருந்தவர்கள் பாதியில் திரும்பினார்கள். சொல்லிக்கொடுப்பவர் கைபேசித் திரையில் இருந்தார். கற்றுக்கொள்ள வேண்டியவர் அம்மாவின் அடுப்பங்கரையில் இருந்தார். அங்கே வெண்ணெயும் மைதாவும் வறுத்து வெள்ளைச் சாஸ் கிண்டிப் படமெடுத்து அனுப்பலாம். இருநூறு பேருக்கான பஃபேயை அடுக்கிப் பழக முடியாது. கட்டிலில் விரிப்பின் மூலையை மடித்துக் காட்டலாம். ஒரு ஷிஃப்டில் பதினான்கு அறைகளை முடிக்கும் வேகம் வராது.

ஆக, ஒருவருக்குச் சமையற்கூடம் இருந்தது, ஆசான் இல்லை. மற்றவருக்கு ஆசான் இருந்தார், சமையற்கூடம் இல்லை. எதிரெதிரானவை போலத் தோன்றும் இந்த இரு குறைகளுக்கும் வேர் ஒன்றே. இருவருக்குமே விருந்தினர் இல்லை. சூப்பு ஆறிவிட்டதாகத் திருப்பியனுப்பும் ஒருவரும், நள்ளிரவில் வந்திறங்கி அறை கேட்கும் ஒருவரும் இல்லாமல் இந்தத் தொழிலைப் பாதிக்கு மேல் கற்றுத்தர முடியாது. இரு பயிற்சிமுறைகளும் தம் பாடத்திட்டத்தில் எழுதிவைக்காத பாடநூல் அந்த விருந்தினர்தான்.

இதற்குச் சான்றாக ஒரு சிறு பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். ஜெர்மன் தொழிற்பழகுநர் ஒவ்வொருவரும் பயிற்சிக் குறிப்பேடு ஒன்றை எழுதிவர வேண்டும். எந்த வாரம் என்ன செய்தார், என்ன கற்றார் என்று பதிந்து, பயிற்றுநரின் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கு அனுமதி இல்லை. நம் ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவரும் பயிற்சியின்போது ‘லாக் புக்’ எழுதுகிறார். துறைத் தலைவரின் கையெழுத்து வாங்கிக் கல்லூரியில் ஒப்படைக்கிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே நோக்கத்துக்காக, ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கும் இரண்டு ஏடுகள். மூடிய விடுதியில் அந்த ஜெர்மன் ஏட்டில் எழுத என்ன இருக்கும்? சரக்கறை இருப்பைக் கணக்கெடுப்பது, சுவருக்கு வண்ணம் பூசுவது, வீட்டுக்கு வாங்கிச் செல்லும் உணவைப் பெட்டியில் அடைப்பது. பாதியில் திரும்பிய மாணவரின் இந்திய ஏட்டிலோ பக்கங்கள் காலியாகக் கிடக்கும். முதல் ஏடு நிரம்பியது, ஆனால் தொழிலால் அல்ல. இரண்டாவது நிரம்பவேயில்லை.

அடி விழுந்த இடம்

ஜெர்மனியில் பெருந்தொற்றின் அடி நுழைவாயிலில் விழுந்தது. உள்ளே இருந்தவரை ஒப்பந்தம் காத்தது. வெளியே நின்றவருக்கு ஒப்பந்தமே கிடைக்கவில்லை. 2019இல் எல்லாத் தொழில்களிலும் சேர்த்து ஏறத்தாழ 5.25 லட்சம் புதிய பயிற்சி ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. 2020இல் அது 4.67 லட்சமாகச் சரிந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு இந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்குக் கீழே போனது அதுவே முதல்முறை. சரிவு எல்லாத் தொழிலுக்கும் சமமாக இல்லை. சுற்றுலா முகவர் பணிக்கான புதிய ஒப்பந்தங்கள் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் குறைந்தன. விடுதித் தொழில்களும் கடும் அடி வாங்கின. விருந்தினர் வருவாரா என்று தெரியாத முதலாளி, மூன்றாண்டுக்குக் கையெழுத்திடத் தயங்கினார்.

இந்தியாவில் நுழைவாயில் அப்படியே இருந்தது. ஏப்ரலில் நடக்க வேண்டிய அகில இந்திய ஹோட்டல் மேனேஜ்மென்ட் நுழைவுத் தேர்வு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. ஆனால் இடங்கள் குறையவில்லை. இங்கே அடி விழுந்தது வெளிவாயிலில். 2019இல் 1.09 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை 2020இல் 27 லட்சமாகவும், 2021இல் 15 லட்சமாகவும் வீழ்ந்தது. சுற்றுலா அமைச்சகத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வின்படி, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான முடக்கக் காலாண்டில் மட்டும் சுற்றுலாவை ஒட்டிய 1.45 கோடி வேலைகள் பறிபோயின. அந்த ஆண்டு பட்டம் பெற்றவர் எதிர்கொண்ட சந்தை இதுதான். வளைகுடா விடுதிகளும் பயணக் கப்பல்களும் எப்போதும் திறந்திருக்கும் பக்கவழிகள்; அவையும் அப்போது அடைபட்டன. வேலைக்குப் போக வேண்டிய கப்பல்களிலிருந்து பணியாளர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தம் கிடைக்காத இளைஞர் அங்கே. பட்டம் கிடைத்தும் வேலை கிடைக்காத இளைஞர் இங்கே. இந்த இணையில் இன்னும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜெர்மனியின் இழப்பு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் இறுதியில் எடுக்கப்படும் ஒப்பந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிந்தது. அது தெரிந்ததால் விவாதமும் திட்டமும் பின்தொடர்ந்தன. இந்தியாவின் பயிற்சி இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சேர்ந்தவர் எண்ணிக்கையும் தேறியவர் எண்ணிக்கையும் சரியாகவே இருந்தன. நடுவில் பயிற்சி நடந்ததா என்பதை அளக்கும் கோல் எதுவும் இல்லை. ஒன்று வெளிப்படையாகக் குறைந்தது. மற்றது குறையாததுபோல் குறைந்தது. பின்னதையே நான் கூடுதல் கவலைக்குரியதாகக் கருதுகிறேன்.

உதவி வந்த வழி

பணம் எவர் கைவழியாகப் போனது என்று பார்த்தால் இரு நாடுகளின் இயல்பும் தெளிவாகும். ஜெர்மனி வேலை உறவை அறுக்காமல் வைத்திருக்கச் செலவிட்டது. 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் குறைநேர வேலையில் இருந்தார்கள். இழந்த ஊதியத்தில் 60 விழுக்காட்டில் தொடங்கிய உதவித்தொகை, முடக்கம் நீண்டால் 80 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. குழந்தை உள்ளவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். பயிற்சிக்கெனத் தனித் திட்டமும் வந்தது. நெருக்கடியிலும் தொழிற்பழகுநர்களைக் குறைக்காத நிறுவனத்துக்கு ஓர் ஒப்பந்தத்துக்கு 2,000 யூரோ, கூட்டிய நிறுவனத்துக்கு 3,000 யூரோ. 2021 ஜூன் முதல் இத்தொகைகள் இரட்டிப்பாயின. மூடிக் கிடக்கும் விடுதியின் தொழிற்பழகுநரை வேறொரு நிறுவனம் சிலகாலம் ஏற்றுப் பயிற்றுவித்தால் அதற்கும் உதவி உண்டு.

இந்தியா கடன் உறுதி வழியைத் தேர்ந்தது. அவசரக் கடன் உறுதித் திட்டம் 2021இல் விருந்தோம்பல் துறைக்கு விரிவாக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையும், பயண முகவர்களுக்குப் பத்து லட்சம் வரையும் அரசு உறுதியுடன் கடன் அறிவிக்கப்பட்டது. வேலை இழந்த ஊழியருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு இருந்தால், சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த உதவி 50 விழுக்காடாக்கப்பட்டு, 90 நாள் வரை தரப்பட்டது. ஜெர்மனி உறவு அறுமுன் தாங்கியது. இந்தியா அறுந்தபின் தாங்கியது. இரண்டின் நிதிவளமும் ஒன்றல்ல என்பதை இங்கே நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கடன் திருப்பிக் கட்ட வேண்டியது. ஊதிய உதவி அப்படியல்ல. வருமானமே நின்றுபோன ஒரு வழிகாட்டிக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

இனி எதிர்பாராத உறவு. இரு நாடுகளின் பாதுகாப்பு வலைகளும் ஒரே இடத்தில் கிழிந்திருந்தன. ஜெர்மனியில் அப்போது மாதம் 450 யூரோ வரை ஈட்டிய ‘மினிஜாப்’ பணியாளர்களுக்குக் குறைநேர வேலை உதவி கிடைக்கவில்லை; உணவக மேசைகளில் பரிமாறுவோரில் பெரும்பகுதியினர் இவர்கள்தாம், பலர் மாணவர்கள். முழுநேரப் பரிமாறுநருக்கு உதவி கிடைத்தாலும், அவர் வருமானத்தில் ஒரு பங்கான டிப்ஸ் அந்தக் கணக்கில் சேரவில்லை. இந்தியாவில் திருமண மண்டபங்களுக்கும் வெளிவிருந்துகளுக்கும் நாள்கூலிக்குப் போகும் ‘கேஷுவல்’ பணியாளருக்கு நடைமுறையில் இ.எஸ்.ஐ. பெரும்பாலும் கிடைப்பதில்லை. சென்னையின் கேட்டரிங் மாணவர்கள் ‘ஓடிசி’ என்று சொல்லிக்கொண்டு வார இறுதிகளில் போய்வருவது இந்த வேலைக்குத்தான். பலரின் கட்டணமும் கைச்செலவும் அதிலிருந்தே வரும். இரு நாடுகளும் தம் தொழிலாளரைத் தம் வழியில் தாங்க முயன்றன. இரண்டும் மறந்தது ஒரே மனிதரை: தட்டு ஏந்திப் படிக்கும் மாணவரை.

தேர்வும் திருப்பமும்

இறுதித் தேர்வை விட்டுக்கொடுக்க இரு நாடுகளுமே மறுத்தன என்பது இன்னொரு ஒற்றுமை. ஜெர்மனியின் தொழில் வணிகக் கூடங்கள் வசந்தகாலத் தேர்வுகளைக் கோடைக்குத் தள்ளின, ரத்து செய்யவில்லை. இந்தியாவில் இறுதியாண்டுத் தேர்வு கட்டாயம் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் நிலைப்பாட்டை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கொரோனாப் பட்டம் என்ற பேச்சு பின்னாளில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற அக்கறை இரு பக்கமும் இருந்தது.

ஆனால் தேர்வுக்குள் நடந்தது வேறு. ஜெர்மன் சமையல் தொழிற்பழகுநர், கொடுக்கப்பட்ட பொருள்களிலிருந்து தாமே திட்டமிட்டு ஆறு பேருக்கு மூன்று கட்ட விருந்தைச் சமைத்துக் காட்ட வேண்டியிருந்தது. முகக்கவசமும் இடைவெளியும் சேர்ந்தன, சமையல் போகவில்லை. இந்தியக் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு பல இடங்களில் திரைவழிக் கேள்வி பதிலாகவும் எழுத்துப் பணியாகவும் சுருங்கியது. கல்லூரி வளாகத்துக்குள் மாணவர் கால்வைக்க முடியாதபோது ஆசிரியர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஒரே உறுதியிலிருந்து கிளம்பிய இரு தேர்வுகள், ஒன்று கையையும் மற்றொன்று நினைவையும் சோதித்து முடிந்தன.

விடுதிகள் மீண்டும் திறந்தபோது இரு நாடுகளையும் ஒரே வியப்பு சந்தித்தது: விருந்தினர் திரும்பினர், பணியாளர் திரும்பவில்லை. ஜெர்மனியில் 2020 நவம்பரில் தொடங்கிய இரண்டாம் மூடல் அடுத்த மே வரை நீண்டது. முதல் மூடலைப் பொறுத்தவர்கள் இரண்டாவதில் கடைகளுக்கும் சரக்குக் கிடங்குகளுக்கும் வேலை மாறினார்கள். மாலையும் ஞாயிறும் வீட்டில் கழியும் வாழ்க்கையை ஒருமுறை பார்த்தவர்களைத் திரும்ப அழைப்பது எளிதாக இல்லை. இந்தியாவில் சமையலர்கள் ஊரில் சிறு கடை வைத்தார்கள். வீட்டுச் சமையலை இணையத்தில் விற்றார்கள். உணவு விநியோகத்துக்குப் போனார்கள். உள்நாட்டுப் பயணம் பெருகியபோது நட்சத்திர விடுதிகளே ஆளுக்கு அலைந்தன. இதற்கு முழுப் பழியையும் பெருந்தொற்றின்மேல் போடுவது சரியாகாது. ஜெர்மனியில் சமையல் பழக வருவோர் எண்ணிக்கை அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே சரிந்துவந்தது. நீண்ட நேரமும் குறைந்த கூலியும் இரு நாட்டிலும் பழைய குறைகள். பெருந்தொற்று அவற்றை விரைவுபடுத்தியது.

இரு நாடுகளும் கண்ட மருந்திலும் ஓர் உறவு இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஜெர்மனி தன் விடுதி, உணவகப் பயிற்சிகளை ஒருசேரத் திருத்தி ஏழாக அமைத்தது. அவற்றில் சமையற்கூட உதவியாளருக்கென இரண்டாண்டுப் பயிற்சி ஒன்று புதிதாக வந்தது. சைவ, நனிசைவச் சமையலில் கூடுதல் தகுதி பெறவும் வழி திறந்தது. இந்தியாவில் பெரிய விடுதிக் குழுமங்கள் தாமே திறன் மையங்களைத் தொடங்கிக் குறுகியகாலப் பயிற்சி தந்தன. தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான தாட்கோ, ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களைத் தரமணிக் கல்லூரியின் பட்டப் படிப்புக்கும் குறுகியகாலப் படிப்புகளுக்கும் தன் செலவில் அனுப்புகிறது. நீண்ட பயிற்சிக்குப் பெயர்பெற்ற நாடும், பட்டத்துக்குப் பெயர்பெற்ற நாடும், தத்தம் ஏணியில் தாழ்வான ஒரு படியைச் சேர்த்துக்கொண்டன.

வியப்பின் உச்சம் இதற்கும் அடுத்தது. உணவகங்கள் மூடப்படுவதற்கு மூன்றே வாரம் முன்பு, 2020 மார்ச் 1 அன்று, வெளிநாட்டிலிருந்து திறன்பெற்றோரும் தொழில் பழகுவோரும் வர வழிசெய்யும் புதிய குடியேற்றச் சட்டம் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்திருந்தது. பிறந்த உடனே முடங்கிய அச்சட்டம் பின்னர் உயிர்பெற்றது. 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு உடன்பாடு செய்துகொண்டன. வியட்நாம் இளைஞர்கள் ஜெர்மன் சமையற்கூடங்களில் பெருமளவில் தொழில் பழகுகிறார்கள், இந்தியர்களும் சேர்கிறார்கள். ஜெர்மனியின் நிரம்பாத நுழைவாயிலை நோக்கி, இந்தியாவின் நெரிசலான வெளிவாயிலிலிருந்து பாதை போடப்பட்டுவிட்டது. இணையாக வைத்துப் பார்த்த இரு கோடுகள் இங்கே ஒன்றையொன்று தொடுகின்றன.

நிறுத்துப் பார்த்தால்

எது மேல் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ஒப்பந்தம் ஆளைக் காத்தது. அதற்கு விலையாக வாசலில் நின்றவரை இழந்தது. கல்லூரி இடத்தைக் காத்தது. அதற்கு விலையாகப் பயிற்சியின் உள்ளீட்டை இழந்தது. விடுதிக்குள் வாழும் பயிற்சி, விடுதி விழும்போது விழும். விடுதிக்கு வெளியே வாழும் பயிற்சி, விடுதி விழும்போது நிற்கும். ஆனால் வெறுமையாக நிற்கும். இரண்டாலும் காக்க முடியாமல் போனது ஒன்று: இந்தத் தொழிலில் பிள்ளையைச் சேர்த்தால் அவன் அல்லது அவள் வாழ்க்கை நிலைக்கும் என்று ஒரு குடும்பம் வைத்திருந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை மீட்க இரு முறைகளும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்க வேண்டும் என்பது என் முடிபு. ஜெர்மனி கல்லூரியிடமிருந்து, விருந்தினரையும் முதலாளியையும் நம்பியிராத பொதுப் பயிற்சிக் கூடங்களைக் கற்கலாம். ஒப்பந்தம் கிடைக்காத ஆண்டில் ஓர் இளைஞர் அங்கே தொடங்கிவிட்டுப் பின்னர் விடுதிக்குப் போகட்டும். இந்தியா ஒப்பந்தத்திடமிருந்து, பயிற்சிக்கு வருபவரைத் தொழிலாளியாக மதிப்பதைக் கற்கலாம். தொழிற்பழகுநர் சட்டம் நம்மிடம் 1961 முதல் இருக்கிறது. ‘ட்ரெய்னிங்’ போகும் மாணவரையும் அதன் நிழலுக்குள் கொண்டுவந்து, எழுத்தில் ஓர் ஒப்பந்தமும், விடுதியின் தயவை எதிர்பார்க்காத ஊதியமும், பாதியில் நின்றால் வேறொரு விடுதியில் தொடரும் உரிமையும் தந்தால் போதும். கொள்ளைநோயோ வெள்ளமோ போரோ அடுத்து எது வந்து விடுதிகளை மூடினாலும், பதினெட்டு வயதில் இந்தத் தொழிலை நம்பி வந்தவர் அதன் செலவைத் தனியே சுமக்க வேண்டியிருக்காது.